வரைபடத்தில் விதைத்த ஆமணக்கு



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைத்தபோது உலக வரைபடங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். கோவில்பட்டியில் நின்றுகொண்டு உலகத்தைப் பார்த்துப் பேசலாமா என்று கேட்டேன். சம்மதித்தார்கள். அதற்கு என் நன்றி.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் புவியியல் சொல்லிக்கொடுத்தவன். ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் ஆசியப் படத்தைச் சுவரில் மாட்டி, மத்திய கிழக்கு நாடுகளைக் கம்பால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் ஒரு தாயின் மகள் எழுந்தாள். "சார், எங்க அண்ணன் சவுதியிலதான் இருக்கான். படத்துல பாத்தா நம்மளுக்கு மேக்க இருக்கு. பெறகு ஏன் சார் அது மத்திய கிழக்கு?" வகுப்பே சிரித்தது. "புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு, உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். என் பதில்தான் உட்காரவில்லை. இத்தனை ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்றைய பேச்சு முழுவதும் அந்தப் பெண்ணுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை.

கிழக்கு என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது. 1902இல் அமெரிக்கக் கடற்படை அறிஞர் ஆல்பிரட் தயர் மஹான், லண்டனில் வெளிவந்த 'நேஷனல் ரிவ்யூ' இதழில் பாரசீக வளைகுடா பற்றி எழுதிய கட்டுரையில் 'மிடில் ஈஸ்ட்' என்ற சொல்லைக் கையாண்டார். அதைப் பிடித்துக்கொண்டு, 'டைம்ஸ்' நாளேட்டின் வாலண்டைன் சிரோல் தொடர் கட்டுரைகள் எழுதினார். சொல் நிலைத்துவிட்டது. அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் சீனம் தூரக் கிழக்கு, துருக்கி அண்மைக் கிழக்கு, இடைப்பட்டது நடுக் கிழக்கு. அந்த நடுப்பகுதிமேல் அவர்களுக்கு ஏன் அவ்வளவு அக்கறை? இந்தியாவுக்கு வரும் வழி அங்கே இருந்தது. ரஷ்யாவோ ஜெர்மனியோ அந்த வழியில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்ற கவலை. ஆக, நம்மைக் கட்டிக் காப்பாற்றி வைத்துக்கொள்வதற்காக, நமக்கு வடமேற்கே கிடக்கும் நாடுகளுக்குக் கிழக்கு என்று பெயர் வைத்தார்கள். நாமும் அந்தப் பெயரை அப்படியே மொழிபெயர்த்து நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் கேள்வியாக வைத்தோம். இந்திய வெளியுறவுத் துறை 'மேற்கு ஆசியா' என்றுதான் சொல்கிறது. நம் செய்தித்தாள்கள் பலவற்றில் இன்னும் 'மத்திய கிழக்கு' ஓடிக்கொண்டிருக்கிறது.

'தென்கிழக்கு ஆசியா'வின் கதை இதைவிட நமக்கு நெருக்கமானது. அந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவியதற்கு முக்கியமான காரணம் ஒரு படைத்தலைமை. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல், ஜப்பானியரை எதிர்க்க நேச நாடுகள் தென்கிழக்கு ஆசியப் படைத்தலைமையை அமைத்து மவுண்ட்பேட்டனிடம் ஒப்படைத்தன. 1944இல் அதன் தலைமையகம் கண்டிக்கு வந்து, பேராதனைப் பூங்காவில் இயங்கியது. பர்மாவும் மலாயாவும் சுமத்ராவும் ஒரே பெயருக்குள் வந்தன. போர் முடிந்த பிறகும் பெயர் போகவில்லை. பல்கலைக்கழகத் துறைகள், நாடுகளின் கூட்டமைப்புகள், பாடநூல்கள் எல்லாம் அதன்மேல் எழுந்தன.

அதே கண்டிக்கு நம் ஆட்கள் அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே போய்க்கொண்டிருந்தார்கள். மழை பொய்த்த வருசங்களில் நெல்லை, ராமநாதபுரம், மதுரைப் பக்கத்திலிருந்து காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்கள் அந்த நாட்டுக்குத் தாங்களே ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: கண்டிச்சீமை. எந்தக் கணக்கெடுப்பிலும் எந்தப் படத்திலும் ஏறாத பெயர். ஆனால் கூலி வாங்கிய கையும் அட்டை கடித்த காலும் அறிந்த பெயர். அது பாட்டிலும் ஒப்பாரியிலும் இருந்தது. ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் உலகத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். படைத்தலைவர் வைத்த பெயர் அகிலத்துக்கும் போய்ச் சேர்ந்தது. கொழுந்து பறித்தவர் வைத்த பெயர் தோட்டத்து லய வீடுகளோடு நின்றது.

'சீமை' என்ற சொல்லிடம் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். எல்லை என்பது அதன் பழைய பொருள். எல்லைக்குட்பட்ட நாடு என்று அது விரிந்தது. நெல்லைச் சீமை, சிவகங்கைச் சீமை, ராமநாதபுரச் சீமை என்று நம் மண்ணை நாம் அழைத்தோம். துரைமார் வந்தபின் அவர்கள் நாடு 'சீமை' ஆயிற்று. வெறும் 'சீமை' என்றாலே இங்கிலாந்து. அங்கிருந்து, அல்லது கடலுக்கு அப்பால் எங்கிருந்தோ வந்ததெல்லாம் சீமைச் சாமான். மண்ணெண்ணெய் சீமையெண்ணெய். இன்று நம் கண்மாய்க் கரையை அடைத்துக்கொண்டு நிற்கும் முள்மரம் சீமைக்கருவேலம். சொந்த நாட்டைக் குறித்த சொல், அடையில்லாமல் தனியே நின்றால் அந்நிய நாட்டைக் குறிக்கும் என்று ஆனது. யாரும் ஆணை போட்டு இதைச் செய்யவில்லை. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் சொல் சாய்ந்துகொண்டது. ஆதிக்கத்தின் ஆழத்தை அளக்க இதைவிட நல்ல கோல் எனக்குத் தெரியாது.

ஐரோப்பியர் கடற்கரைகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் தங்கக் கரை, தந்தக் கரை, அடிமைக் கரை. எதை அள்ளினார்களோ அதுவே ஊருக்குப் பெயர். அடிமைக் கரை என்று ஒரு நிலப்பரப்பை அச்சடித்த படத்தில் கூசாமல் எழுதியிருக்கிறார்கள். நமக்குத் தென்கிழக்கே இருக்கும் தூத்துக்குடிக் கரைக்குப் போர்ச்சுகீசியர் வைத்த பெயர் 'பெஸ்காரியா', முத்துக் குளிப்பு நடக்கும் கரை. 'முத்துக்குளித்துறை' என்று நம்மவரும் சொன்னோம்தான். நாம் சொன்னது அங்கே செய்யும் தொழிலின் பெயர். அவர்கள் சொன்னதும் தொழிலின் பெயர்தான், ஆனால் அவர்கள் கண் சரக்கின்மேல் இருந்தது.

கடலைவிட்டு உள்ளே வந்தால் நம் கரிசல். இங்கே சரக்கு பருத்தி. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி, லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வரத்து நின்றபோது, நம் பஞ்சுக்குக் கிராக்கி ஏறியது. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. கோவில்பட்டி ரயிலடியைச் சுற்றி வளர்ந்தது. இங்கே விளைந்த பஞ்சு 'டின்னவெல்லி' என்ற பெயரில் லிவர்ப்பூல் சந்தைக்குப் போனது. திருநெல்வேலி தாமிரவருணிக் கரையில், நெல்வயல் நடுவே இருக்கும் ஊர். பருத்தி எடுத்த கை விளாத்திகுளத்துக்கும் சாத்தூருக்கும் எட்டயபுரத்துக்கும் சொந்தம். கலெக்டர் கச்சேரி எங்கே இருந்ததோ அந்த ஊர்ப் பெயரை, அதுவும் அவர்கள் நாக்குக்கு வளைந்த வடிவத்தில், மூட்டையில் குத்தினார்கள். நம் மானாவாரி நிலத்தில் விளையும் நிலவாகைக்கும் அதே கதி. உலக மருந்து நூல்களில் அதற்கு இன்றும் 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர். தூத்துக்குடியை 'டூட்டிகொரின்' என்றார்கள், பாளையக்காரரைப் 'பாலிகர்' என்றார்கள். பெயர் சிதைந்தது பெரிதில்லை. எல்லா மொழியும் பிறமொழிப் பெயரைத் தன் வாய்க்கேற்ப உடைக்கும். லண்டனை நாமும் 'இலண்டன்' என்று எழுதுகிறோம். உடைத்த வடிவமே சட்டப்படியான வடிவம் என்றாகி, ஊர்க்காரன் தன் ஊர்ப் பெயரைத் தன் விண்ணப்பத்தில் தப்பாக எழுத வேண்டி வந்ததே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இனி மண்ணுக்கு வருகிறேன். நான் மாணவனாக இருந்தபோது பாடநூலில் 'ரெகூர்' என்று ஒரு மண் வந்தது. தக்காணத்தில் காணப்படுவது, கருநிறமானது, பருத்திக்கு ஏற்றது என்று மனப்பாடம் செய்தேன். செருப்பில்லாத காலோடு பள்ளிக்கூடம் போய்வந்தவன் நான். மழைக்குப் பிறகு எங்கள் ஊர்க் கரிசல் என் கால்களில் பாளம் பாளமாக அப்பிக்கொண்டு ஒரு படி கனம் கனக்கும். வாசலில் உட்கார்ந்து குச்சியால் வழித்துப் போட்டுவிட்டு உள்ளே போய் 'ரெகூர்' படிப்பேன். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரிய கல்லூரி வரை ஆனது.

'ரெகூர்' ஆங்கிலச் சொல்லும் இல்லை. தெலுங்கில் கருமண்ணுக்கு 'ரேகடி' என்று பெயர். தக்காணத்தில் நில அளவைக்கும் பாறை ஆய்வுக்கும் போன கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகள் அங்கிருந்த சம்சாரிகளிடம், அதாவது உழவர்களிடம், கேட்ட சொல் அது. அவர்கள் வாயில் உருமாறி அறிவியல் சொல்லாயிற்று. கோவில்பட்டி வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம், அவர்களுக்கு இது அந்நியமாகவும் தோன்றாது. ஆகவே வெள்ளைக்காரன் சொல்லை நம்மேல் சுமத்தினான் என்று சொன்னால் பாதி உண்மைதான் சொன்னதாகும். ஒரு சம்சாரியின் சொல்லை எடுத்து, அதைக் கொண்டே மற்றச் சம்சாரிகளின் சொற்களையெல்லாம் அடைத்தார்கள் என்பதே முழு உண்மை.

சொல்லோடு ஒரு வரலாறும் ஒட்டிக்கொண்டு வந்தது. ரெகூர் எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து உண்டானது என்று எழுதிப் பரீட்சை தேறினோம். மராட்டியத்துக்கு அது சரி. கோவில்பட்டியில் அந்தப் பாறை எங்கே இருக்கிறது? கிணறு வெட்டியவர்களைக் கேளுங்கள். கரிசலுக்குக் கீழே சுக்கானும் அதற்குக் கீழே பட்டைக்கல் பாறையும் வரும். தமிழ்நாட்டுக் கரிசல் பெரும்பாலும் அந்தப் பட்டைக்கல் சிதைந்து, தாழ்ந்த நிலத்தில், குறைந்த மழையில், சுண்ணாம்புச் சத்தோடு கூடி உருவான மண். வேற்றூர்ப் பெயரைச் சுமந்ததால் வேற்றூர்ப் பிறப்பையும் நாம் சுமந்தோம்.

ரஷ்யாவிலும் கரிசல் உண்டு. அங்கே உழவர்கள் அதற்கு 'செர்னோசெம்' என்று பெயர் வைத்திருந்தார்கள், கருமண் என்றே பொருள். 1883இல் வசீலி தொகுச்சாயெவ் அந்தப் பெயரிலேயே பெருநூல் எழுதி, மண்ணியல் என்ற துறைக்கு அடித்தளம் போட்டார். இன்று உலக மண் வகைப்பாட்டில் செர்னோசெம் அப்படியே இருக்கிறது. ரஷ்ய உழவன் சொல் உலகம் ஏறியது. நம் மண்ணுக்கு அமெரிக்க வகைப்பாடு கொடுத்த பெயர் 'வெர்டிசால்'. புரட்டுவது என்ற லத்தீன் வேரிலிருந்து செய்தது. கோடையில் ஆள் கை நுழையும்படி வெடிக்கும், மேல்மண் வெடிப்புக்குள் சரியும், மழையில் ஊதி மூடிக்கொள்ளும். தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் என்று அறிந்து வைத்த பெயர், அழகான பெயர், குறை சொல்ல மாட்டேன். கோவில்பட்டியில் 1901இலிருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கருங்கண்ணிப் பருத்தியில் பேர்போன ரகங்களைத் தந்த இடம். கருங்கண்ணி என்ற ஊர்ச்சொல் பருத்தி அறிவியலில் நின்றது. கரிசல் என்ற ஊர்ச்சொல் மண் அறிவியலில் ஏறவில்லை. இந்த ஆதங்கம் எனக்கு உண்டு.

இதுவரை சொன்னது பெயர் வைத்த கதை. பெயரை அழித்த கதையும் நமக்குப் பக்கத்திலேயே நடந்தது.

இங்கிருந்து நெல்லைச் சாலையில் அரைமணி போனால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டியக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினார். மண்கோட்டைதான். மார்ச் 31இல் கும்பினிப் படை மோதித் தோற்றுத் திரும்பியது. மே 24இல், பெருகிய படையோடும் பீரங்கியோடும் வந்து பிடித்தது. பிறகு செய்ததைக் கவனியுங்கள். கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே மாவட்டப் பதிவேடுகளிலிருந்து நீக்கச் சொன்னார்கள்.

கோட்டை விழுந்த அந்த நாளிலிருந்து பதினொரு மாதம் நிறையவில்லை. 1802 ஏப்ரல் 10 அன்று, சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கிளைத்துத்தான் மாபெரும் முக்கோணவியல் அளவை இமயம் வரை போனது. குன்றில்லாத சமவெளியில் அவருக்குக் கோயில் கோபுரங்களே மலையாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு ஏற்றும்போது அவருடைய கனத்த கோணமானி மோதிச் சேதமடைந்தது. அதைத் தானே உட்கார்ந்து செப்பனிட்டார். அடுத்த ஆண்டு பாளையங்கோட்டை அருகே இன்னோர் அடிக்கோடு அளந்தார். உழைப்பிலும் நுட்பத்திலும் வணங்கத்தக்க மனிதர், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரண்டு தேதிகளையும் சேர்த்துப் படித்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அங்குலம் பிசகாமல் நாட்டை அளக்கத் தொடங்கிய அரசும், ஓர் ஊரைக் கணக்கிலேயே இல்லையென்று எழுதிய அரசும் ஒன்று. படத்தில் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் துல்லியம் வருகிறது.

பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயர் அழிந்ததா? கும்மியிலும் கதைப்பாடலிலும் ஊரூராகப் போயிற்று. நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தார். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படம் அதை நாடெங்கும் கொண்டுபோனது. 1974இல் அரசு அங்கே நினைவுக் கோட்டை கட்டியது. எழுத்தில் அழித்ததை வாய் காப்பாற்றி, எழுத்திடமே திரும்ப ஒப்படைத்தது.

நில அளவை ஊருக்குள் வந்தபோது நேர்ந்தது வேறு மாதிரி. சத்தமில்லாமல் நடந்தது. கரிசலில் 'காட்டுக்குப் போறேன்' என்றால் வேலைக்கு, விளைநிலத்துக்குப் போகிறேன் என்று பொருள். துரைத்தனத்தாரின் அகராதியில் காடு என்றால் வனம், அல்லது வெட்டித் திருத்த வேண்டிய புதர். ஆடு மேய்ந்த நிலம் தரிசு ஆயிற்று, ஊருக்குப் பொதுவானது புறம்போக்கு ஆயிற்று. எட்டயபுரம் ஜமீன் ஊர்களுக்கு 1948ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே ரயத்துவாரித் தீர்வை வந்தது. வந்தபின் ஒவ்வொரு புஞ்சைக்கும் ஒரு புல எண். கிராமத்து 'அ' பதிவேட்டில் 'மண் வயனமும் ரகமும்' என்று ஒரு கட்டம் இருக்கும். கரிசலா செவலா என்பது அங்கே இரண்டு எண்களாகப் பதுங்கியிருக்கிறது.

என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஊரைச் சுற்றியிருந்த காடுகள் அத்தனையும் பெயரோடு தெரியும். ஓடைக்காடு, ஒத்தப்பனைக்காடு, சுக்காங்காடு, ஆட்டுக்கிடை போட்டு வளமான கிடைக்காடு, ஊமச்சி காடு. அந்த ஊமச்சி யார் என்று கேட்டேன். பிரசவத்தில், வரப்போரத்திலேயே இறந்துபோன ஒரு கூலிக்காரி என்றாள். அவளுக்கு ஒரு சென்ட் நிலம்கூடச் சொந்தமில்லை. பட்டா வேறொருவர் பேரில். ஆனால் அந்தக் காட்டுக்கு அவள் பெயர்தான் நின்றது. புல எண் வந்தபின் அந்தப் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

ஊர்ப்பெயரெல்லாம் தூய்மையானது என்றும் நான் சொல்ல வரவில்லை. பாளையங்களுக்கு நாயக்க அரசு எல்லை வகுத்தது. தெருவுக்குச் சாதிப் பெயரை வைத்து, பெயரைக் கேட்டாலே ஒருவரை நிறுத்தும் இடத்தைத் தீர்மானித்தவர்கள் நாம்தான். பெயர் வைக்கும் அதிகாரம் கடல் கடந்து மட்டும் வரவில்லை. 1986இல் நம் மாவட்டம் பிரிந்து சிதம்பரனார் பெயர் பெற்றது. 1997இல் தலைவர்கள் பெயர்கள் எல்லா மாவட்டங்களிலும் எடுக்கப்பட்டபோது தூத்துக்குடி ஆனது. ஏன் எடுக்க வேண்டி வந்தது என்பது தென்மாவட்டத்தார் யாவரும் அறிந்த, சாதிக் கலவரங்களின் ரத்தக் கதை. 2020 ஜூனில், 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி அரசாணை வந்தது. எழுத்துக் கூட்டலில் எழுந்த குழப்பத்தால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. மேலிருந்து ஒரே வீச்சில் திருத்த முயன்றால் இப்படித்தான் ஆகும் என்பது என் கருத்து. இதே மண்ணில், இடைசெவலில் இருந்துகொண்டு கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு வாயாகக் கேட்டுச் சேர்த்தது. 'கரிசல்' இன்று ஒரு பிரதேசத்தின் பெயராக, இலக்கியம் படிக்கும் எவருக்கும் தெரிகிறது என்றால் அது சர்வே ஆபீஸ் செய்த வேலை இல்லை.

இந்த மேடையில் ஒரு பழைய குறிப்பேட்டை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் ஒன்றில் மட்டும் நாற்பத்துமூன்று காட்டுப் பெயர்களை எழுதியிருக்கிறேன், புல எண்ணோடு சேர்த்து. அம்மா போனபின் தொடங்கியதால் பாதி விட்டுப்போயிற்று. இந்தக் கல்லூரியின் புவியியல் மாணவர்களிடம் இதை ஒப்படைக்கிறேன். ஆளுக்கு ஓர் ஊர் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாதாரர்களிடம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், அவர்களுக்குத் தங்கள் காட்டின் பெயர் மட்டும்தான் தெரியும். பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் ஊர் முழுக்கப் போய்வந்த பாட்டிகளிடம் போங்கள். சாயங்காலம் போங்கள், அப்போதுதான் திண்ணையில் இருப்பார்கள்.